மூன்றாவது சுற்றில் நாற்பது விநாடி

நேரத்தில் நான் தவறியதே இல்லை என்று ஒரு காலத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் எங்கே குத்துச்சண்டை நடந்தாலும் நோட்டோடு போய் உட்கார்ந்துவிடுவேன். தேதி, எடை, யார் யாரை வென்றார், மழை பெய்ததா என்பது வரை எழுதுவேன். (எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை.) அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுப் போட்டிக்கு நேரம் பார்த்து மணி அடிக்க, நடுவராக நின்ற குத்துச்சண்டை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டது இந்தப் பெயரால்தான். மோதியவர்களில் சேவியர் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. எதிராளி வியாசர்பாடி தினா. உறவுக்காரன் உட்காரலாமா என்று தயங்கினேன்.

"நீ உக்காரு அண்ணே. உன் வாட்சு தப்பா ஓடாது" என்றான் தினா.

ஜெயிப்பவன் மாநிலப் போட்டிக்குப் போவான். அங்கே மெடல் கிடைத்தால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை. துறைமுகப் பக்கம் ஒரே கிடங்கில் மூட்டை தூக்கும் இருவருக்கும், வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. முன்பு இரண்டு முறை மோதி, ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தார்கள்.

ஒருவன் கை ஓங்கிய சண்டையில், முதல் நிமிடத்திலேயே கூட்டம் சுண்டலைத் தேடிப் போய்விடும். முடிவு தெரிந்தபின் நடப்பது வெறும் அடி. சமமானவர்கள் மோதினால் சுண்டல் கையிலேயே ஆறிப்போகும். இவன் கொடுப்பதை அவன் அதே சூட்டில் திருப்பிக் கொடுப்பான். கண்ணிமைத்தால் எதையோ தொலைத்துவிடுவோம் என்று பயம் வரும். இதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தவன் நான். அந்தப் பயம் மணி அடிப்பவனையும் பிடிக்கும் என்பதை மட்டும் எழுதவில்லை.

மூன்றாவது சுற்று, அதுதான் கடைசி. "வுடாத தினா!" "குத்துடா சேவியரு!" தகரக் கூரை அதிர்ந்தது. நான் எப்போது நாற்காலி மேல் ஏறினேன் என்று தெரியாது. சேவியர் விழுந்தான். மாஸ்டர் பத்து வரை எண்ணிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் நான் வாட்சைப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய சுற்று நாற்பது விநாடி தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தினாவாவது போயிருப்பான். சொல்லிவிட்டேன்.

"மச்சான் வுழுந்தப்புறம் டைம் முடிஞ்சிபோச்சா மாமு? நல்லா கீதுபா உன் கணக்கு!" என்றது கூட்டம்.

யாரோ எடுத்த செல்போன் வீடியோவை ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பது விநாடிக் கணக்கு சரிதான். அதில் எல்லோரும் குதிக்கிறார்கள். ஓங்கிய சுத்தியலும் திறந்த வாயுமாக நான் மட்டும் சிலைபோல் நிற்கிறேன். (குடும்ப வாட்ஸ்அப்பில் அது இன்னும் சுற்றுகிறது.)

"உன்ன நம்பித்தானே அண்ணே வந்தேன்" என்றான் தினா.

நேரம் தாண்டிய சுற்று செல்லாது என்று மாஸ்டர் போட்டியை ரத்து செய்தார். மறுபடி மோதவும் வழியில்லை. சேவியருக்குப் புருவத்தில் தையல், தினாவுக்குக் கட்டைவிரல் முறிவு. மாலைக்குள் பெயர் அனுப்பியாக வேண்டும். இருவரிடமும் தோற்றிருந்த லோகுவின் பெயர் போனது. அவன் மெடலோடு திரும்பினான், வேலையும் கிடைத்தது. வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி எனக்கு வணக்கம் வைக்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

ஸ்டெல்லா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போகும்போது பிள்ளைகளிடம்தான் சொல்லிவிட்டுப் போவாள். "உங்கப்பா வேணாம். பொங்கறத ஆன்னு பாத்துக்கினே நிப்பாரு."

சேவியரும் தினாவும் இப்போது நெருங்கிய தோஸ்துகள். போன கிறிஸ்துமஸுக்கு இருவரும் வீட்டில் சாப்பிட்டார்கள். பிரியாணிக்கு நடுவில் சேவியர் திடீரென்று கேட்டான்: "மாமா, மூணு நிமிசம் முடிஞ்சப்ப யாரு கை ஓங்கி இருந்திச்சு?"

இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அந்தச் சுற்றைப் பற்றி என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

"ரெண்டு பேரும் சமம்தான்டா."

"கரெக்டுதான் அண்ணே" என்றான் தினா. "இப்பவும் சமம்தான். ஒரே மூட்டைய ஆளுக்கொரு பக்கம் புடிக்கிறோம்."

வீடே சிரித்தது. இப்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் கதையைச் சொல்கிறார்கள்.