ஓப்பராவில் ஒரு பொன்னாடை

வருங்கால மாமனார் முன்னால் 'தெரியாது' என்று சொல்லும் தைரியம் உள்ள ஆண்பிள்ளையை நான் இதுவரை சந்தித்ததில்லை. என்னிடம் அது சுத்தமாக இல்லை. இருந்திருந்தால், ஆக்லாந்தில் ஒரு நவீன ஓப்பராவில் நான் நடித்திருக்க மாட்டேன்.

திருச்சியிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அதே ஊரின் புறநகரான பாபடோயிட்டோயில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண் மதுரா மீது காதல். அவள் ஓப்பரா பாடகி. அதுவும் பழைய ஓப்பரா இல்லை. மை கூடக் காயாத புது ஓப்பரா. அவள் அப்பா சிவம் அங்கிள் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"தம்பி, இவள் பாடுறது எனக்கு ஒண்டும் விளங்கிறேல்லை. கட்டுறவனுக்கெண்டாலும் விளங்கோணும். உமக்கு விளங்குமோ?"

"நல்லாவே விளங்கும் அங்கிள்" என்றேன். (அதுவரை நான் பார்த்த ஓப்பரா, விளம்பரத்தில் ஓர் அம்மா கண்ணாடி டம்ளர் உடையும்வரை கத்துவாரே, அது ஒன்றுதான்.)

ஒரு சனிக்கிழமை மாலை பரீட்சை வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கு. மேடை கிடையாது, பாடுகிறவர்கள் நம் காலடியிலேயே நின்று பாடுவார்கள். 'கதை என்னும் வன்முறையிலிருந்து விடுதலை பெற்ற படைப்பு' என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கிள் கோட்டு சூட்டோடு, ஒரு பிளாஸ்டிக் பையில் சரிகை போட்ட பொன்னாடையும் கொண்டுவந்திருந்தார்.

"முடிஞ்சோடன எங்கட வழக்கப்படி பிள்ளைக்குப் போர்த்தோணும். நீர்தான் போறீர். எது முடிவெண்டு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்தானே?"

"ஓம் அங்கிள்." (மதுராவைப் பார்த்த நாளிலிருந்தே நான் 'ஆமா' சொல்வதை விட்டிருந்தேன்.)

ஆரம்பித்தது. ஒருவர் ஆளுயரப் பிடிலின் முதுகில் தட்டினார். இன்னொருவர் புல்லாங்குழலை ஊதாமல், அதற்குள் பெருமூச்சு மட்டும் விட்டார். வெகுநேரம் பொறுத்திருந்த அங்கிள் என் காதருகே வந்தார்.

"இன்னும் சுருதி சேர்க்கினமோ?"

"இல்ல அங்கிள், இது ரெண்டாவது காட்சி" என்று அடித்துவிட்டேன்.

மதுரா கடற்கரையில் யாருக்காகவோ காத்திருக்கிறாளாம். 'தண்ணீர்' என்ற ஒரே சொல்லை இங்கிலீஷில் ஒரு யுகம் பாடினாள். எனக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். (உருகுகிறார் என்று பொறாமைப்பட்டேன். குறட்டை வந்த பிறகுதான் நிம்மதி.) பிறகு அவள் மெதுவாகச் சாய்ந்து, தரையில் மல்லாந்து, கண்ணை மூடினாள். வாத்தியங்கள் நின்றன. விளக்கு மங்கியது. ஒருவரும் கை தட்டவில்லை. நிசப்தம் நீண்டுகொண்டே போனது.

"தம்பி, முடிஞ்சுதோ?"

எனக்கு எப்படிய்யா தெரியும்? ஆனால் என் கல்யாணமே அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. "முடிஞ்சுது அங்கிள்" என்று கம்பீரமாக எழுந்தேன்.

பொன்னாடையை விரித்தபடி நடந்தேன். கிடங்கு முழுக்க என் ஷூச் சத்தம்தான். கிட்டே போன பிறகுதான் சிக்கல் புரிந்தது. பொன்னாடையைத் தோளில் போர்த்த வேண்டும். இவளோ படுத்துக் கிடக்கிறாள். திரும்பிப் போகவும் மானம் விடவில்லை. கழுத்திலிருந்து கால்வரை அப்படியே போர்த்திவிட்டு, பழக்கதோஷத்தில் கைகூப்பினேன். குனிந்து பார்த்தால், அடக் கடவுளே, பிணத்துக்குக் கோடி போட்ட மாதிரியே இருக்கிறது!

பின்னால் அங்கிளின் அலறல் கேட்டது. "ஐயோ, என்ர பிள்ளை!"

அந்த நேரம் பார்த்து வாத்தியங்கள் மறுபடி ஆரம்பித்தன. (முக்கியமான காட்சியே இனிமேல்தானாம்.) கறுப்பு உடுத்திய கோரஸ்காரர்கள் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கீழேயிருந்து, உதடு அசையாமல் மதுராவின் குரல் வந்தது.

"விசரா! அசையாம நில்லும்!"

நின்றேன். ஆவியாக எழுந்த மதுரா சரிகை மின்ன என்னைச் சுற்றிச் சுற்றிப் பாட, எனக்கு வியர்த்துக் கொட்ட, கூப்பிய கையை இறக்காமல் கடைசிவரை நின்றேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இசையமைப்பாளர் ஓடிவந்து, நாளைக்கும் வர முடியுமா என்று கெஞ்சினார். மறுநாள் ஒரு விமர்சகர், 'பெயரில்லாத அந்தத் துக்கக்காரர் உடம்பெல்லாம் நடுங்க நின்றது நடிப்பின் உச்சம்' என்று எழுதினார்.

அன்றைக்கு எனக்கு எந்தப் பாராட்டும் காதில் ஏறவில்லை. வாசலில் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். போச்சு, பெண் போச்சு என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனேன்.

"உமக்கும் ஒரு கோதாரியும் விளங்கேல்லை, என்ன?"

"ஒண்ணுமே புரியல அங்கிள்." பயத்தில் திருச்சி வெளியே வந்துவிட்டது.

"எனக்கும்தான். ஆனா என்ர பிள்ளை செத்துக் கிடக்கேக்க, இவ்வளவு சனமும் பாத்துக்கொண்டு இருந்தது. எழும்பிப் போனது நீர் ஒராள்தான்." கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். "அம்மா அப்பாவின்ர நம்பரைத் தாரும், கதைப்பம்."

இன்றும் மதுராவின் எந்தப் புது ஓப்பராவுக்குப் போனாலும், இப்போது மாமாவாகிவிட்ட அங்கிள் என்னை ஒட்டித்தான் உட்காருவார். நிசப்தம் வந்தால் போதும், என் கையை இறுக்கிப் பிடித்து, "முடியேல்லை, இரும்!" என்பார். எங்கள் மகள் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். ஆனால் சாப்பிட்டு முடித்து, மற்றவர்கள் முடிக்கும் முன்பே நான் தட்டோடு எழுந்தால் மட்டும், அவள் அம்மப்பாவின் அதே அதட்டலில், சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொல்வாள்: "முடியேல்லை, இரும்!"