டயர் மாமா போட்ட கையெழுத்து

பழைய கார் வாங்குகிறவர்கள் ஒரு ரகம். அவர்களுக்குத் துணையாகப் போய்க் காரைப் 'பார்த்துக் கொடுக்கிறவர்கள்' தனி ரகம். இந்த இரண்டாவது ரகத்தாரிடம் சொந்தமாகக் கார் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் உறவிலும் ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். உறவுக்குள் டயர் மாமா. எந்தக் காரைக் கண்டாலும் முதல் வேலையாக முன்சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டு "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? அவருக்கே தெரியாது. ஆனால் அதைக் கேட்டதும் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் கடையைச் சாத்திவிட்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வருவார்.

அவருடைய அக்கா மகள் நர்ஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற வேலை. பஸ் மாறி மாறிப் போய் நேரத்துக்குச் சேர முடியவில்லை. சீக்கிரம் ஒரு கார் வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மாமா, நீங்க பாத்து சரின்னாத்தான் வாங்குவேன்" என்றாள். மாமாவுக்கு அன்று மதியச் சாப்பாடே தேவைப்படவில்லை.

பழைய கார் விற்கும் இடத்தில் பூசை ஆரம்பமாயிற்று. சக்கரத்தை உதைத்தார். கதவை அடித்துச் சாத்தி, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தார். கடைசியாக உள்ளே தலையை விட்டு மோந்தார். ரோஜா சென்ட் கும்மென்று அடித்தது.

"பாத்தியா? வச்சிருந்தவன் ரசனைக்காரன்!"

ஒரு காருக்கு எதற்கு இவ்வளவு சென்ட்? கேட்கவில்லையே மனுஷர்!

"எதுக்கும் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடலாமா மாமா?"

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

"சாரை வச்சுக்கிட்டு மெக்கானிக்கா?" என்று வியாபாரி பதறிப்போய், ஒரு தாளை நீட்டினார். 'நிபுணர் பரிசோதித்துத் திருப்தி தெரிவித்தபின் வாங்கப்பட்டது.' கீழே, நிபுணரின் கையெழுத்துக்கு ஒரு கோடு. இத்தனை வருஷமாக மாமா டயர்களை உதைத்து வந்ததே அந்தக் கோட்டுக்காகத்தான். சுழித்து, கீழே இரண்டு புள்ளியும் வைத்துப் போட்டார்.

நான்காம் நாள், நல்ல வெயிலில் வைப்பர் தானாக ஆடியது. ஐந்தாம் நாள் ஹார்ன் தானாக அலறியது. ஆறாம் நாள் நாற்சந்தி நடுவில் கார் படுத்துவிட்டது. வந்த மெக்கானிக் எதையும் உதைக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த ஒரு முழம் நாடா சேறு படிந்து காய்ந்திருந்தது.

"வெள்ளத்துல முங்கின வண்டிம்மா. சேத்து வாடை தெரியாம இருக்கத்தான் சென்ட்டு."

வியாபாரி கைவிரித்தார். "உங்க நிபுணரே பாத்துட்டாரே, நான் என்ன செய்ய?" விஷயம் நுகர்வோர் புகார் அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டியிருந்த பெண் அதிகாரி மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கார் நிபுணரா?"

மாமா நாற்காலியில் நெளிந்தார். ஆமாம் என்றால் பழி தன் தலையில், மருமகள் வேலைக்கு வேட்டு. இல்லை என்றால்? பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

வியாபாரி முந்திக்கொண்டார். "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? சார் மாதிரி காரைப் பாக்கற ஆள் இந்த ஊர்லயே கிடையாது!"

ஆயுள் முழுக்கக் காத்திருந்த பாராட்டு. வந்த நேரத்தைப் பாருங்கள்! மாமா மருமகளைப் பார்த்தார். அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது.

"எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் எழுந்து நின்று. "பானெட்டை எப்படித் திறக்கறதுன்னு தெரியாமத்தான் மேல கையை வச்சுப் பாத்தேன். டயரை ஏன் உதைக்கிறேன்னுகூட எனக்குத் தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு வியாபாரியிடம் திரும்பினார். "முங்கின வண்டின்னு எழுதியே நீங்க வாங்கின ரசீது காலையிலேயே என் மேசைக்கு வந்தாச்சு. தெரிஞ்சு மறைச்சவர்தான் பொறுப்பு. வண்டியை எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்க. இவர் நிஜமாவே நிபுணரா இருந்திருந்தாலும் இதேதான்."

மாமா தடுமாறினார். "அப்ப என்னை எதுக்குங்க கேட்டீங்க?"

"படிவத்துல தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பணும்ல."

வெளியே வந்ததும் மருமகள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களே மாமா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்தவர் வாசலில் நின்ற யாருடைய காரையோ பார்த்தார். கால் சும்மா இருக்குமா? ஓர் உதை. "ம்."

சிரித்துக்கொள்ளுங்கள், தாராளமாக. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மெக்கானிக் சீட் பெல்ட்டை இழுத்த இடத்தில், 'இதுகூடத் தெரியாதா? நான் போயிருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன்' என்று நினைத்தீர்களா, இல்லையா?

நினைத்தீர்கள் அல்லவா? எதற்கும் உங்கள் செருப்பின் முனை தேய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.