வத்தல் மூட்டைக்குப் பிடித்த காட்டேரி

சிவகாசியில் நாலு கலரில் அச்சடித்த நோட்டீஸ் என்றால் எங்கள் சிலம்பன்பட்டிக்கு அது வேதவாக்கு. 1958இல் அப்படி ஒன்று வந்தது. "நாய்களின் ரத்தம் குடிக்கும் காட்டேரியை விரட்டும் நாய்ச்சாமி! வெள்ளிதோறும் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில்!" மேலே ஒரு நாய்ப் படம், தலையைச் சுற்றி ஒளிவட்டம். ஏதோ தீப்பெட்டி லேபிளுக்குப் போட்ட பழைய அச்சு பிளாக்கை எடுத்து, அச்சாபீஸ்காரன் ஒரு வட்டத்தைச் சேர்த்திருந்தான். தீப்பெட்டி நாய் தெய்வ நாயாகிவிட்டது. போதாதா? சுற்றுப்பட்டு ஊரெல்லாம் நாயை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

நாய்ச்சாமியின் பூர்வாசிரமப் பெயர் சங்கையா. அதற்கு முந்தின வருஷம்வரை விருதுநகர் ரயிலடியில் வெற்றிலைபாக்குக் கடை. கடை நொடித்ததும் கனவில் காளி வந்தாளாம். கடை நன்றாக ஓடுகிறவன் கனவில் அவள் வருவதே இல்லை, கவனித்தீர்களா?

நாய்களுக்குச் சீக்கு வந்தது மட்டும் நிஜம். உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்திருக்கும். தார் மாதிரிக் கறுப்பாகக் கழியும். குட்டிகள் சுருண்டு சுருண்டு செத்தன.

"ரத்தம் எங்கலே போச்சு? காட்டேரி குடிச்சிட்டா!" என்றார் சாமி. அதற்குமேல் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

சாமியின் வைத்தியம் இதுதான். நாயை ஈரச் சாக்குக்குள் விட்டு, சாக்கு வாயைத் தளரக் கட்டிக் கொண்டுவர வேண்டும். முகம் தெரிந்தால் காட்டேரி சாமிமேல் பாய்ந்துவிடுவாள். (நாய் பாய்ந்துவிடும் என்று சொன்னால் சாமிக்கு மரியாதை இல்லையே!) சாமி சாக்கின்மேல் கை வைத்து முனகுவார். பிறகு மஞ்சள் தண்ணீரைப் பித்தளைத் தட்டில் ஊற்றுவார். தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறும். "கக்கிட்டா! குடிச்சதக் கக்கிட்டா!" பெண்கள் குலவை போடுவார்கள். சாமிக்கு ஒரு சேவல், ஒரு படி கம்பு.

காட்டேரிக்குக் குளுமை பிடிக்கும் என்று மரத்தடியில் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். காத்திருக்கும் நாய்கள் அங்கேயே கழிந்தன. அள்ளக் கூடாது, அது காட்டேரி கழித்த மண்! போகும்போது ஆளுக்கு ஒரு பிடி அந்த மண்ணையே எடுத்துப் போய் நாய் படுக்கிற இடத்தில் தூவினார்கள். வெறுங்காலோடு நின்ற பக்தர்களின் பாதத்தில் சிவப்பாக, வளைந்து வளைந்து கோடு ஓடி அரித்தது. "காட்டேரி போன தடம்லே, பாக்கியம்!" என்றார் சாமி. பாக்கியசாலிகள் விடிய விடியச் சொறிந்தார்கள்.

ஆடு மேய்க்கிற முருகம்மாளுக்கு ஒரு செவலை நாய். அது குரைப்பதால்தான் நரி அவள் கிடையை அண்டாமல் இருந்தது. அதற்கே எழுந்து நிற்கத் தெம்பில்லை. நாலு குட்டியில் மூன்று போய்விட்டது. நரி ஏற்கெனவே ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிட்டது. செவலையும் போனால் கிடை காலி, அவள் பிழைப்பும் காலி.

ஆடுகளுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் கால்நடைக் கம்பவுண்டர் தேவமணியிடம் அழுதாள்.

"மூணு வெள்ளி சாமிகிட்டப் போனேன் அய்யா. மூணு குட்டி போச்சு."

"ஏம்மா, அது காட்டேரி இல்ல, கொக்கிப்புழு. குடல்ல கடிச்சுத் தொங்கிக்கிட்டு ரத்தம் குடிக்கும். அதோட முட்டை நாய் கழியிறதுல வரும். ஈர மண்ணுல பொரிச்சு, நாயோட கால் வழியா, வாய் வழியா உள்ள ஏறும். உங்க சாமி மரத்தடியில புழுப் பண்ணையில்லா வச்சிருக்காரு! உங்க கால்ல ஓடுற கோடும் அந்தப் புழுக்குஞ்சுதான்."

முருகம்மாள் அதையும் நம்பவில்லை. அங்கேதான் அவள் ஊரைவிட உசத்தி.

"அவரும் காட்டேரிங்காரு, நீங்களும் புழுங்கீக. ரெண்டுல எதையும் நான் கண்ணால பாக்கல. ரெண்டு பேரயும் சோதிச்சுருவோம்."

தேவமணி சிரித்துவிட்டார். தாயையும் குட்டியையும் எடைபோட்டு, வெறும் வயிற்றில் அதற்குத் தக்க மருந்து கொடுத்தார். மறுநாள் காலையில் முருகம்மாள் குச்சியும் கையுமாகக் குந்தி, நாய் கழிந்ததைக் கிளறினாள். நூல்துண்டு மாதிரிப் புழுக்கள், எண்ண முடியாத அளவுக்கு. ஒரு சோதனை முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு சாக்கு மூட்டையோடு வரிசையில் நின்றாள்.

சாமி கை வைத்தார். "பெட்டை நாயி. முத்திப்போச்சு. கழுத்துல உக்காந்து உறிஞ்சுதா..." இரண்டு முறை தும்மினார். "பாத்தீகளா, காட்டேரி என்னய எதுத்து நிக்கா!" கூட்டம் நடுங்கியது. தண்ணீர் சிவந்தது. குலவை வானத்தைப் பிளந்தது.

"சாமி, இது இதோட ரத்தந்தானே?"

"பின்ன, என் ரத்தமாக்கும்?"

முருகம்மாள் கட்டை அவிழ்த்துக் கொட்டினாள். மொறமொறவென்று மிளகாய் வத்தல் சரிந்தது. நாயும் இல்லை, பேயும் இல்லை. முன்வரிசையே தும்ம ஆரம்பித்தது.

"வத்தலுக்கு ஏது சாமி ரத்தம்?" என்று கேட்டவள், தட்டின் அடியில் விரலால் வழித்துக் காட்டினாள். சுண்ணாம்பு! "ஏ பொம்பளைகளா, கலியாணத்துக்குக் கலியாணம் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆலாத்தி சுத்துதோமே, நம்ம கையால! அங்கன ஆலாத்தி, இங்கன ரத்தமா?"

பெண்கள் முண்டியடித்துத் தட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"காட்டேரி நாய விட்டு வத்தலுக்குள்ள பூந்துட்டா!" என்று கத்தினார் சாமி.

"இருந்தாலும் இருக்கும்லே," என்றார் சங்கரபாண்டியன். நாலு சேவல் கொடுத்தவர், பாவம், அவ்வளவு சீக்கிரம் விட மனசு வருமா?

"அப்படியா? இதயே அரச்சுக் கொளம்பு வைக்கேன். சாமி ஒரு சட்டி குடிக்கட்டும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்த வெள்ளி மரத்தடியில் சாமி இல்லை, சேவலும் இல்லை.

முருகம்மாள் நாய் கழிவதைத் தினமும் அள்ளிப் புதைத்தாள். படுக்கிற இடத்தை வெயில் படக் காயவிட்டாள். கம்பவுண்டர் சொன்ன கெடுவில் மறுபடி மருந்து கொடுத்தாள். செவலையின் ஈறு சிவந்தது. மிஞ்சிய ஒற்றைக் குட்டி இப்போது நரியையே விரட்டுகிறது.

ஊர்? வத்திராயிருப்புப் பக்கம் கோழிச்சாமி ஒருத்தர் வந்திருக்கிறாராம், நோட்டீஸ் அஞ்சு கலராம், வண்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போங்கள் அய்யா, போங்கள். கும்பிடுவதற்கு முன்னால் சாக்கை மட்டும் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். கூப்பிய கையால் எந்த முடிச்சையும் அவிழ்க்க முடியாது!