ஐந்தாவது நாற்காலி

“அக்கா, உங்க வீட்டுல நான் நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிடறேன். போன தடவை நாற்காலி உடைஞ்சு விழுந்ததுல, இடுப்பு இன்னும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.”

பக்கத்து வீட்டுத் தையல்காரியின் குரல். மாடிப்படியில் நின்றிருந்த பஸ் கண்டக்டரின் காதில் அது நன்றாகவே விழுந்தது. அவர் தலைமேல் புது பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு வருஷத்தில் ஐந்தாவது.

உள்ளே நுழைந்தார். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“வந்தாச்சா அடுத்தது? மரத்துல ஒண்ணு வாங்குங்கன்னா கேக்கறீங்களா?”

“அந்த ஒண்ணு விலைக்கு இதுல ஆறு வாங்கலாம், தெரியுமா?”

“அதான் அஞ்சு வாங்கிட்டீங்களே. இன்னும் ஒண்ணு வாங்கினா சரியாப் போயிடும்.”

தையல்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்டக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“ஆறு மாசம்! இது உடையாம இருந்தா, இந்த வீட்டுல மர நாற்காலிப் பேச்சே எடுக்கக் கூடாது. உடைஞ்சா, மர நாற்காலியை நானே தலையில சுமந்துட்டு வர்றேன். தங்கச்சி, நீதான் சாட்சி.”

“உடையக் கூடாது. அவ்வளவுதானே?” என்றாள் மனைவி.

“அவ்வளவுதான்!”

“சரிங்க.”

அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் சரி என்றதில்லை. அவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆசையாக உட்கார்ந்தார். பின்கால் ஒன்று மெல்ல வெளியே விரிந்தது. பதறி எழுந்தார். அதன்பிறகு அதில் உட்காரவே இல்லை.

கட்டிலில் உட்காரலாம். ஆனால் உட்கார்ந்தால், “ஏன், நாற்காலிக்கு என்னவாம்?” என்று கேட்பாள். ஆகவே நின்றார். பஸ்ஸில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, வீட்டில் நின்றபடி சாப்பிட்டார். நின்றபடி பேப்பர் படித்தார். ஷூவைக்கூடச் சுவரில் சாய்ந்து, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று கழற்றினார்.

“உட்காருங்களேன்.”

“நின்னு பழகின உடம்பு.”

“ஈரத்துண்டையாவது அதுல போடட்டுமா?”

“ஐயோ, பாரம்! அதாவது... அழுக்காயிடும்.”

அவள் தினமும் நாற்காலியைத் துடைத்தாள். அதைச் சுற்றிக் கோலம் போடாததுதான் பாக்கி.

ஆறு மாதம் முடிந்தது. அன்று பார்த்து இரட்டை டூட்டி. இரண்டு முழங்காலும் தனித்தனியாக அழுதன. என்றாலும் கதவைத் திறக்கும்போதே அவர் குரல் ஓங்கியிருந்தது.

“தங்கச்சி, இங்க வா! பாத்துக்கோ. ஒரு கீறல்? ஒரு விரிசல்? விலை குறைஞ்சா உழைக்காதுன்னு யாரு சொன்னது?”

தையல்காரி நாற்காலியைச் சுற்றிவந்தாள். “நேத்து வாங்கின மாதிரியே இருக்கு அண்ணே.”

“நான் தோத்துட்டேங்க,” என்றாள் மனைவி. “இனிமே மர நாற்காலின்னு வாயைத் திறக்க மாட்டேன். பாவம், கால் வீங்கியிருக்கு. ஜெயிச்சவர் நல்லாச் சாஞ்சு உட்காருங்க.”

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். பின்கால் கிறீச்சென்றது.

கண்டக்டர் நாற்காலியைப் பார்த்தார். தையல்காரியின் இடுப்பைப் பார்த்தார்.

“உட்காரத்தான் போறேன்! எனக்கென்ன பயமா?”

தோள்பையைக் கழற்றினார். மீசையை நீவிவிட்டார். தலையை நிமிர்த்தியபடி, நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.