வெள்ளவத்தைச் சென்றியில நான் இருந்த உண்ணாவிரதம்

அண்டைக்குக் காலமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். வெறும் வயித்தோட லாப்புக்குப் போய் இரத்தம் குடுக்கிறது.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் கொழும்பில, வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு லேனில குடியிருந்தம். எனக்கு நாப்பத்தஞ்சு தாண்டியிருந்தது. இடுப்பு வயசை விட வேகமாகக் கூடிக்கொண்டு போனது.

"அக்கா, பிளவுஸில இனிப் பிரிச்சு விடத் தையல் இல்ல. முழுக்க விட்டாச்சு" எண்டு தையல்காரப் பிள்ளை ஒருநாள் சொல்லிப் போட்டுது.

அண்டைக்கே டயற் தொடங்கிறதெண்டு முடிவெடுத்தன்.

டொக்டர் விடேல்ல. "பட்டினி கிடக்க முதல் இரத்தத்தை ஒருக்காச் சோதிச்சுப் பாப்பம். சீனி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு எண்டு தெரிய வேணும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டும் வாயில வைக்கப்படாது" எண்டார்.

சின்ன விசயம்தானே!

முதல் நாள் எழும்பி, பழக்க தோசத்தில தேத்தண்ணி குடிச்சிட்டன். அடுத்த நாள் தேத்தண்ணியை வெண்டன். ஆனா முறுக்கு டின்னுக்கு மூடி சரியாப் போட்டிருக்கோ எண்டு பாக்கப் போய், திரும்பி வரேக்க வாயில முறுக்கு.

மூண்டாம் நாள் என்ர மனுசன் காவலுக்கு நிண்டார். குசினிக் கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள்ள போட்டார். பிறகு ஒரு பழைய கோடியல் போத்தலுக்குள்ள தேசிக்காய் பிழிஞ்சு, சீனியை அள்ளிக் கொட்டிக் கலக்கினார்.

"இது என்னத்துக்கு?"

"இரத்தம் எடுத்த உடனே குடியும். நீர் மயங்கி விழுந்தா ஆர் தூக்கிறது? என்னால ஏலாதப்பா."

கலியாணம் கட்டி இருவது வருசத்துக்கு மேல. அன்பைக் காட்டிற விதம் மாறிப் போச்சு.

காலி வீதியில ஏறினா சென்றி, ஆமியின்ர சோதனைச் சாவடி. ஐசியை, அதுதான் அடையாள அட்டையைக் காட்டினம், பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினம். எல்லாம் சரி. பிறகு மீசை இன்னும் வடிவா முளைக்காத ஒரு ஆமிக்காரப் பெடியன் என்ர பையைத் திறந்தான். போத்தலை வெளிய எடுத்து வெளிச்சத்தில பிடிச்சான். உள்ளுக்கு மங்கலாக் கலங்கின தண்ணி.

"மேக்க மொகத்த?"

இது என்ன எண்டு கேக்கிறான்.

"தெஹி வத்துர" எண்டன். தேசிக்காய்த் தண்ணி. என்ர சிங்களம் முழுக்க மரக்கறிக் கடையில படிச்சது. தேசிக்காய் வரைக்கும் பயமில்ல.

"எஹெனங் பொன்ன."

அப்ப குடி!

நான் குடிச்சா மூண்டு நாள் பாடு வீண். "பே" எண்டன். ஏலாது.

பெடியன் ஒரு அடி பின்னால போனான். மனுசன் என்ர காதுக்குள்ள, "குடியுமப்பா, ஒரு முடறு குடியும்!" எண்டார்.

"நீங்கள் குடியுங்கோவன்!"

"எனக்குச் சீனி வருத்தமெல்லே!"

பெடியனுக்குத் தமிழ் விளங்கேல்ல. ஆனா நாங்கள் ரெண்டு பேரும் அந்தப் போத்தலைக் குடிக்கச் சொல்லி ஆளை ஆள் தள்ளுறதும், ரெண்டு பேரும் மாட்டன் எண்டு தலையாட்டுறதும் நல்லா விளங்கிச்சுது. போத்தலை மெள்ளக் கொண்டுபோய் மண்மூட்டைக்குப் பக்கத்தில வைச்சான். வைச்ச விதத்தைப் பாத்து எனக்கே அதில பயம் வந்திட்டுது.

வெறும் வயிறு எண்டு எப்பிடியாவது சொல்ல வேணும். சிங்களத்தில 'உபவாச' எண்டு ஒரு சொல் இருக்கிறது ஞாபகம் வந்துது. நெஞ்சில கை வைச்சுச் சத்தமாச் சொன்னன்.

"மம உபவாச!"

எங்கட விரதம் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான். அவையள் அந்தச் சொல்லை உண்ணாவிரதப் போராட்டத்துக்கும் பாவிக்கிறவை எண்டு எனக்குத் தெரியாது.

பெடியன் "சார்ஜன்!" எண்டு கத்தினான்.

தலை நரைச்ச, தொந்தி வைச்ச ஒரு சார்ஜன் வந்தார். எங்களுக்குப் பின்னால சனம் கூடிப் போச்சு. சார்ஜன் என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார். இவ்வளவு செழிப்பான உண்ணாவிரதியை அவர் அதுக்கு முதல் கண்டிருக்கமாட்டார்.

"நோனாட்ட மொனவத ஓனே?" எண்டு மரியாதையாத்தான் கேட்டார். உங்களுக்கு என்ன வேணும்?

உடம்பைக் குறைக்க வேணும் எண்டு சொல்ல நினைச்சன். உடம்புக்குச் சொல் வரேல்ல. குறைக்கிறதுக்குச் சொல் இருந்துது. கத்தரிக்காய்க்காரனிட்ட நான் தினம் சொல்லுற சொல்.

"அடு கரன்ன ஓனே!" குறைக்க வேணும்!

"படு மிலத?"

சாமான் விலையோ எண்டு கேட்டார். எனக்கு 'படு' மட்டும்தான் காதில விழுந்துது. சிங்களத்தில வயித்துக்கு 'பட' எண்டுறவை; அதைத்தான் சொல்லுறார் எண்டு நினைச்சு, "ஒவ், ஒவ்!" எண்டு தலையை ஆட்டினன்.

சார்ஜனுக்கு முகம் மாறிப் போச்சு. தேங்காய் விலை, மா விலை எண்டு அவரே தொடங்கிட்டார். பின்னால நிண்ட ஒரு ஓட்டோக்காரர் பெற்றோல் விலையைச் சேத்தார். ஒரு மனுசி கை தட்டிச்சுது.

மனுசன் என்ர சீலையைப் பிடிச்சு இழுத்தார். "என்னப்பா செய்யிறீர்? போராட்டம் தொடங்கிட்டீரே!"

நான் பயந்து போனன். இனி உண்மையைச் சொல்லாட்டி ஜீப்பில ஏத்திப் போடுவாங்கள். கையை நீட்டி, முழங்கை மடிப்பில விரலால குத்திக் காட்டினன்.

"லே! லே தென்ன யனவா!" இரத்தம் குடுக்கப் போறன்!



சார்ஜன் தொப்பியைக் கழட்டினார். சனத்தைப் பாத்து ஏதோ சொன்னார். அதில 'தெமிள நோனா', தமிழ் அம்மா எண்டதும் 'லே' எண்டதும் எனக்கு விளங்கிச்சுது. மிச்சம் மனுசனுக்கு விளங்கிச்சுது; அவருக்குச் சிங்களம் விளங்கும், கதைக்கத்தான் வராது. அவர் வெளிறிப் போனார்.

"அடுத்த லேனில பள்ளிக்கூடத்தில இரத்ததான முகாமாம். நீர் அதுக்குத்தான் போறீராம். தானே கூட்டிக்கொண்டு போறாராம்."

"இல்லையெண்டு சொல்லுங்கோ!"

"நான் சொல்லமாட்டன். ஏலுமெண்டா நீர் சொல்லும்."

முன்னால சார்ஜன், நடுவில நான், பின்னால மனுசன். வழியெல்லாம் சனம் விலகி நிண்டுது.

முகாமில ஒரு நேர்ஸ். நல்ல காலம், தமிழ் கதைச்சா. "காலமை சாப்பிட்டனீங்களா?"

"இல்ல மிஸ், வெறும் வயிறு!" எண்டன், தப்பிட்டன் எண்ட சந்தோசத்தில.

"ஐயோ, வெறும் வயித்தோட எடுக்கேலாது. முதல்ல சாப்பிடுங்கோ."

பாற்சோறு வந்துது. கட்டச்சம்பல் வந்துது. வாழைப்பழமும் பால்தேத்தண்ணியும் வந்துது. சார்ஜன் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தார். ஆமி பாத்துக்கொண்டு நிக்கேக்க மறுக்கலாமோ? ரெண்டாம் துண்டுப் பாற்சோறும் அந்தப் பயத்திலதான் சாப்பிட்டனான்.

பிறகு படுக்க வைச்சினம். லாப்பில ஒரு சின்னக் குப்பியளவு எடுப்பினம். இங்க பை! பை நிறையிற வரைக்கும் போய்க்கொண்டே இருந்துது. மனுசன் குனிஞ்சு, "இந்த இரத்தம் ஏறுற ஆள் கண் முழிச்ச உடனே தோசை கேக்கப் போறான்" எண்டார்.

பக்கத்துக் கட்டிலில வேற ஒரு ஆமிக்காரப் பெடியன். ஊசியைக் கண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தான். என்ர மகனின்ர வயசுதான் இருக்கும். "பய வென்ன எப்பா, புத்தே" எண்டன். பயப்படாதை மகன். கண்ணைத் திறந்து பாத்துச் சிரிச்சான். அண்டு முழுக்க நான் பிழையில்லாமல் கதைச்ச சிங்களம் அது ஒண்டுதான்.

எல்லாம் முடிஞ்சு லாப்புக்குப் போனா, அங்க இருந்த பிள்ளை, "அன்ரி, சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"அப்ப நாளைக்கு வாங்கோ."

"பிள்ளை, மிச்சம் இருந்தா வாறன்."

பின்னேரம் டொக்டரிட்டப் போய் நடந்ததைச் சொன்னன். டொக்டர் சிரிச்சு முடிக்கக் கனநேரம் எடுத்துது. பிறகு கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "ஒரு பை இரத்தம் குடுத்திருக்கிறீங்கள். இப்ப டயற் ஒண்டும் வேண்டாம். நான் சொல்லுற வரைக்கும் நல்லாச் சாப்பிடுங்கோ."

அடுத்த மாசமே அவர் கனடாவுக்குப் போயிட்டார். இன்னும் ஒண்டும் சொல்லேல்ல.