காத்தவர்கள் கல்

ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற அதன் கூரையைத் தொடவே வேண்டியதில்லை என்று உலகுக்கு நிரூபித்த பெருமை அகண்ட டெக்சஸ் முத்தமிழ்ப் பேரவையையே சாரும்.

ஜெர்மனியிலிருந்து முதன்முதலில் வந்து குடியேறியவர்கள் கட்டிய வீடு அது. ஓர் ஆணிகூட அடிக்காமல், மரச்சட்டத்தில் மரச்சட்டத்தைச் செருகியே நூற்றெழுபது வருஷம் நின்றுவிட்டது. ஏப்ரல் மழைக்குள் கூரையைச் சரிசெய்தால் பண்பாட்டு மையமாக வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் இடித்துவிடுவோம் என்று சொல்லித்தான் ஊர் நிர்வாகம் அதைப் பேரவையிடம் ஒப்படைத்திருந்தது. கமிட்டியில் கட்டடப் பொறியாளர் ஷ்யாமளா ஒருத்திதான். அந்த வீட்டின் மேல் அவளுக்கு உண்மையிலேயே ஆசை வந்துவிட்டது. பொதுச்சேவைக்கு ஆகாத குணம்!

"அங்கிள், ரூஃப்ல பெரிய ஓட்டை. இந்த வீக்கெண்ட் ஒரு தார்ப்பாயாவது கட்டிடலாமே?"

"கட்டலாம்மா," என்றார் தலைவர் கஸ்தூரிரங்கன். "மொதல்ல கல்வெட்டை ஃபைனலைஸ் பண்ணிடுவோம்."

முதல் கூட்டம் கல்வெட்டின் உயரம் பற்றி. இரண்டாவது, துணைத்தலைவர் பெயர் மேலே வருமா, பொருளாளர் பெயர் மேலே வருமா என்பது பற்றி. மூன்றாவது கூட்டத்தில் கலாசாரச் செயலாளர் ஜலஜா எழுந்தார்.

"என் இனிஷியலைக் காணோம். எங்கப்பா பேர் இல்லாம நான் எந்த வீட்டையும் காப்பாத்த மாட்டேன்!"

"ஆண்ட்டி, மழை ஸ்டார்ட் ஆயிடுச்சு..."

"பெய்யட்டுமேம்மா. கிரானைட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று ஷ்யாமளா உட்கார்ந்துவிட்டாள். 'நெகட்டிவாக'ப் பேசுகிறவர்கள் பெயர் கல்வெட்டில் வேண்டாம் என்று அன்றே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கல் வந்தது. ஏழடி உயரம், 'இவ்வீட்டைக் காத்தவர்கள்' என்ற தலைப்பு, தமிழிலும் ஆங்கிலத்திலும் நாற்பத்தொரு பெயர்கள், பதவிகளோடு. மழையில் ஊறிய சுவரில் அதைச் சாய்த்து, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி, படமெடுத்துக்கொண்டு கலைந்தார்கள். மறுநாள் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. கூரையும் கூடவே போயிற்று.

ஒரு மரச்சட்டத்தையாவது எடுத்துப்போகலாம் என்று ஷ்யாமளா வந்தாள். இடிபாட்டின் மேல் கல் மட்டும் கீறல்கூட இல்லாமல் மல்லாந்து கிடந்தது.

ஊர் நிர்வாகத்தின் அதிகாரி நோட்டும் கையுமாக நின்றிருந்தார். "இதற்கெல்லாம் பொறுப்பு யார்? வழக்குப் போட முழுப்பெயரும் பதவியும் வேண்டும்."

ஷ்யாமளா கல்லைக் காட்டினாள்.

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். "பெயர்களில் பிழை ஏதும் இருக்காதே?"

"மூன்று கூட்டம் போட்டுச் சரிபார்த்தது, சார். ஓர் இனிஷியல்கூட விட்டுப்போகவில்லை."