மாமி வரும்வரை விற்பனை இல்லை

கைவேலைப் பொருளைப் பார்த்து "அழகாயிருக்கு" என்று சொல்பவர்கள் ஓர் இனம். அதை வாங்குபவர்கள் வேறோர் இனம். இரண்டுக்கும் இடையில் கொள்வனை கொடுப்பனை கிடையாது. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நான் ஒரு வேலையை விடவேண்டியிருந்தது.

மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் வெள்ளிக் கம்பியை வளைத்து, கண்ணாடி மணி கோத்துத் தோடு செய்வேன். ஒரு கலியாண வீட்டில் என் தோட்டை நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள். வேலையை விட்டுவிட்டேன். (நாற்பது பேர் தொட்டிருந்தால் வீட்டையும் விற்றிருப்பேன்.)

இணையச் சந்தை ஒன்றில் கடை திறந்தேன். பேஸ்புக்கில் படம் போட்டேன். இன்ஸ்டகிராம் நேரலையில் குறடும் கையுமாக நின்று சிரித்தேன். சொந்தக்காரர் எல்லோரும் இதயம் போட்டார்கள். "விலை என்ன?" என்றும் கேட்டார்கள். சொன்னதும் பேச்சு மூச்சைக் காணோம். இணையக் கடையில் விலைப்பட்ட ஒரேயொரு மாலையை வேறு பெயரில் வாங்கியவள் ரொறன்ரோவில் இருக்கும் என் சொந்தத் தங்கச்சி. அது தெரியவந்தபோது நான் ஊரெல்லாம் பெருமையடித்து முடித்திருந்தேன்.

என் கணவர் துறைமுகத்தில் லொறி ஓட்டுபவர். கோபப்படவே மாட்டார், அதுதான் எனக்குப் பயம். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பம். சரிவராட்டில் திரும்பக் கார்டெரிக்குப் போம்" என்று மட்டும் சொன்னார். அந்த நேரத்தில்தான் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடக்கும் கைவினைச் சந்தையில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. அதையும் கோட்டைவிட்டால் மறுபடி பருப்பு மசித்துக்கொண்டிருக்கவேண்டியதுதான்.

நாங்கள் கத்தோலிக்கர். ராகுகாலம், எமகண்டம் பார்ப்பதில்லை. கைராசி மட்டும் பார்ப்போம். முதல் வியாபாரம் ராசியான கையால் நடந்தால் கடை ஓடும். எங்கள் குடும்பத்தில் அந்தக் கை மரியம்மா மாமியுடையது, என் அம்மாவின் தம்பி மனைவி. மாமி முதல் சாமான் வாங்கிய பலசரக்குக் கடை இன்று இரண்டு கடையாகிவிட்டது. (முதல் சாப்பாடு வாங்கிய கடை மூடப்பட்டது. அதற்குச் சமையற்காரர்தான் காரணம் என்று மாமியே விளக்கம் தந்துவிட்டார்.)

"விடிய வெள்ளெனவே வந்து நிப்பன் பிள்ளை. எனக்கு முதல் ஒருத்தருக்கும் குடுத்துப் போடாதை" என்றார் மாமி. அவர் வீடு மண்டபத்திலிருந்து நடக்கும் தூரம்.

சந்தை திறந்தது. முதலில் வந்தவர் பழைய குளிர்ச்சட்டை போட்ட ஒரு பெண். காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. நீலத் தோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பி முடிச்சை நகத்தால் தடவிப் பார்த்தார். எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும் பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள், என் மாமி வரவேண்டும் என்றேன்.

"ஓ, உங்கள் மாமிதான் செய்கிறாரா?"

"இல்லை, நான்தான்."

"அப்படியென்றால் கடை அவருடையதா?"

"இல்லை, என்னுடையது."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, பிறகு வருவதாகச் சொல்லிப் போனார். பெட்டி தூக்க வந்திருந்த கணவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனம் காசோட வந்து நிக்குது. குடும்."

"முதல் கை மாமின்ர கையா இருக்கட்டும். நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

மாமிக்குப் போன் எடுத்தேன். "வந்துகொண்டுதான் இருக்கிறன் பிள்ளை" என்றார். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் மறுபடி வந்தார். மறுபடி அனுப்பினேன். வேறு சிலரையும் அனுப்பினேன். அனுப்ப அனுப்ப, இன்றைக்கு எப்படி ஓடப்போகிறது என்று உள்ளுக்குள் பூரித்தேன். பக்கத்து மேசையில், காய்ந்த பூவைப் பிசினுக்குள் அடைத்துத் தோடு செய்யும் ஜூலி, நான் திருப்பி அனுப்பியவர்களுக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்தாள்.

மாமி மத்தியானம் கழிந்து வந்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மேசையை மேலும் கீழும் பார்த்து, அந்த நீலத் தோட்டையே எடுத்துக் காதில் கொழுவினார். கண்ணாடியில் பார்த்தார். கைப்பையைத் திறந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் உள்ளேயிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மாமி, முதல் வியாபாரம்..." என்று இழுத்தேன்.

"ஓமடி பிள்ளை, தொட்டிட்டன்தானே. சொந்தத்துக்குள்ள என்ன காசு? உனக்கு ராசி தர எல்லோ வந்தனான், சாமான் வாங்கவோ வந்தனான்?"

அதற்குப் பிறகு என் மேசைக்கு ஒரு குருவியும் வரவில்லை. பெட்டி கட்டும்போது ஜூலி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பழைய குளிர்ச்சட்டைக்காரிக்கு, சுற்றுலாக்காரர் குவியும் பழைய மொன்றியல் பகுதியில் கைவினைக் கடை இருக்கிறதாம். இவள் செய்ததையெல்லாம் எடுத்துக்கொண்டாராம். இனி மாதாமாதம் வேண்டுமாம். "முதலில் உன்னுடையதைத்தான் விரும்பினார். ஆனால் உன்னுடையது விற்பதற்கு இல்லையாமே?" என்று கள்ளமில்லாமல் கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் மாமியை விட, கைராசியை விட, என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. தானாக வீடு தேடி வந்ததைக் கும்பிட்டு அனுப்பிவைத்திருக்கிறேன்.

தை மாதம் கார்டெரிக்குத் திரும்பினேன். மாமியோ, "என்ர கைராசியே அவளுக்குச் சரிவரேல்லை எண்டால் அவளின்ர வேலை எப்பிடி இருந்திருக்கும்" என்று சொந்தம் முழுக்கச் சொல்லிவைத்தார்.

இப்போது எங்கள் வீட்டில் எதற்குத் தாமதமானாலும், பஸ் வராவிட்டாலும் சோறு வேகாவிட்டாலும், கணவர் "மாமி வரட்டும்" என்பார். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் அவர் முழுக் கதையையும் நடித்தே காட்டினார். மண்டபம் அதிரச் சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் மாமி. காதில் நீலத் தோடு ஆடியது.

பக்கத்தில் இருந்த ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

"டவுன்ரவுன் கடையொண்டில" என்றார் மாமி.